நெஞ்சில் இருப்பதை நோட்டில் இறக்கி வைக்கலாமா?



ஆண்டு முடியும் நேரத்தில் மளிகைக் கடைக்காரரும் காப்புறுதி முகவரும் நம் கையில் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து அனுப்புவார்கள். அதில் நாம் என்ன எழுதுகிறோம் என்று என்றைக்காவது புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சீட்டுப் பணம் கட்டிய தேதி, மின்சாரக் கட்டணம், மகளின் டியூஷன் கட்டணம், காருக்குச் சாலை வரி முடியும் நாள், யார் வீட்டுக் கல்யாணத்திற்கு எத்தனை வெள்ளி மொய் வைத்தோம் என்ற கணக்கு. எல்லாம் இருக்கும். அந்தக் கல்யாணத்தில் யாரோ ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை மூன்று நாள் தூங்க விடவில்லையே, அது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

நாட்குறிப்பு எழுதுவது தமிழர்களுக்குப் புதிதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். ஆனால் அவர் எழுதியதில் பெரும்பகுதி வியாபாரமும் அரசியலும் போரும்தான். மனத்தில் இருப்பதை எழுதி வைப்பது என்றால் நம்மவர்களுக்கு இன்னமும் ஒரு கூச்சம். "யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?" என்ற பயம் ஒரு பக்கம். "எழுதி என்ன ஆகப்போகிறது?" என்ற சலிப்பு இன்னொரு பக்கம்.

நம்முடைய கலந்துரையாடல் அங்கத்தில் இதைப் பேச வேண்டும் என்று முடிவெடுத்ததற்குக் காரணம், சிலாங்கூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. அவருடைய தந்தை 2021-ஆம் ஆண்டு கோவிட் காலத்தில் மருத்துவமனையில் இறந்து போனார். வீட்டிற்குக் கொண்டு வர முடியவில்லை. கடைசியாக முகம் பார்க்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவருடைய தாயார் இரவு சாப்பாடு முடிந்ததும் பேரனின் பழைய பள்ளி நோட்டில், "என்னங்க" என்று ஆரம்பித்து, இறந்துபோன கணவருக்குக் கடிதம் எழுதுகிறாராம். இன்றுவரை நிற்கவில்லை. "இது நல்லதா, கெட்டதா? அம்மாவைத் தடுக்கட்டுமா? எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தார். அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போகிற கேள்வி இல்லை இது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒப்பாரி போன பிறகு

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் சமூகம் துக்கத்தை அடக்கி வைத்த சமூகம் இல்லை. தோட்டத்து லயங்களில் ஒரு சாவு விழுந்தால், பெண்கள் கூடி, தோள் மேல் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரைப் பற்றி மட்டுமா பாடினார்கள்? தன் பிறந்த வீட்டை, தன் மாமியாரை, தான் இழந்த பிள்ளையை, கங்காணியை, தன் வாழ்க்கை முழுவதையும் அந்தப் பாட்டில் வரிசையாக வைத்து அழுதார்கள். யாரும் "ஏன் இதையெல்லாம் இப்போது சொல்கிறாய்?" என்று கேட்டதில்லை. சொல்வதற்கென்றே ஓர் இடமும் நேரமும் இருந்தன.

இப்போது தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் துக்கம் என்றால், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல் அழ வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, கூடி அழுவதற்கு இருந்த கொஞ்ச வாய்ப்பும் போய்விட்டது. எத்தனையோ குடும்பங்கள் ஈமச் சடங்கைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தன. அன்று அழாத அழுகை எங்கே போயிருக்கும்? அந்த அம்மாவைப் பொறுத்தவரை, அது நோட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான்கு நாள், 15 நிமிடம்

எழுதுவதால் மனத்திற்கும் உடலுக்கும் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1984-ஆம் ஆண்டு அவரும் ஓர் ஆய்வாளரும், கணவனையோ மனைவியையோ விபத்திலோ தற்கொலையிலோ திடீரென்று பறிகொடுத்தவர்களைப் பற்றிய சிறிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசியவர்களைவிட, பேசாமல் உள்ளுக்குள்ளேயே நினைத்து நினைத்து மறுகியவர்களுக்குத்தான் உடல்நலக் கோளாறுகள் அதிகம் வந்திருந்தன. சரி, பேச ஆளில்லாதவர்கள் எழுதினால் என்ன ஆகும்? அடுத்த கேள்வி அதுதான்.

1986-இல் வெளிவந்த ஆய்வில் 46 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றார்கள். தொடர்ந்து நான்கு நாள், ஒரு நாளைக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். ஒரு பிரிவினர் தங்கள் அறை எப்படி இருக்கிறது, காலணி எப்படி இருக்கிறது என்பது போன்ற சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் நேர்ந்த மிகக் கசப்பான அனுபவத்தை எழுதினார்கள். இவர்களிலும் மூன்று வகை. நடந்ததை மட்டும் எழுதியவர்கள், உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்கள், நடந்ததையும் அதனால் உண்டான உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள்.

எழுதி முடித்தவுடன் யாருக்கும் நிம்மதி வந்துவிடவில்லை. கசப்பானதை எழுதியவர்கள் அன்றைக்கு இன்னும் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, நடந்ததையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்குப் போன தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. நடந்ததை மட்டும் பட்டியல் போட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கவனியுங்கள், நம் நாட்குறிப்புப் பழக்கம் இந்தப் பட்டியல் வகைதான். "இன்று அப்பாவின் திவசம். பத்து பேர் வந்தார்கள். சாம்பார் போதவில்லை" என்று எழுதினால் அது கணக்கு நோட்டு. "ஐயர் அப்பா பெயரைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, அது எனக்கே பயமாக இருந்தது" என்று எழுதினால் அது வேறு.

உடல் நோயிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளையும் முடக்குவாத நோயாளிகளையும் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுத வைத்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, மன வேதனையை எழுதியவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. சாதாரண விஷயங்களை எழுதியவர்களில் அது 24 விழுக்காடு. இதை வைத்துக்கொண்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அந்த நோயாளிகள் வழக்கமான மருந்தோடு சேர்த்துத்தான் எழுதினார்கள்.

மந்திரம் இல்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 2006-இல் 146 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியாகப் பார்த்தால் அது சிறியது என்று தெரிய வந்தது. சிலருக்கு நன்றாக உதவுகிறது, சிலருக்கு ஒன்றுமே செய்வதில்லை. செலவு என்னவோ ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான்.

ஏன் உதவுகிறது?

வீடு மாறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாமான்கள் எல்லாம் தரையில் இறைந்து கிடக்கும்போது, இருப்பதைவிடப் பத்து மடங்கு இருப்பதுபோல் தோன்றும். நடக்க வழி இருக்காது. பெட்டியில் போட்டு, மேலே "சமையலறை", "பிள்ளைகள் துணி" என்று எழுதி அடுக்கிவிட்டால், சாமான் ஒன்றும் குறையாது, நடக்க மட்டும் வழி கிடைக்கும். மனத்தில் இருப்பது ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. தாளில் அப்படி முடியாது. ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அடுத்த சொல். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கை கேட்கத் தொடங்கும்.

எழுதியவர்களின் சொற்களையும் பென்னபேக்கரின் குழுவினர் கணினியில் எண்ணிப் பார்த்தார்கள். நாளாக நாளாக "ஏனென்றால்" போன்ற காரணச் சொற்களும் "இப்போது புரிகிறது" போன்ற தெளிவுச் சொற்களும் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களுக்குத்தான் அதிக நன்மை கிடைத்திருந்தது. முதல் நாளே தெளிவாக எழுதியவர்களைவிட, குழப்பத்தில் ஆரம்பித்து மெல்லத் தெளிந்தவர்களே நன்றாக இருந்தார்கள். ஆகவே முதல் நாள் எழுதியது கந்தலாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். கந்தலாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணம் பெயர் வைப்பது. 2007-இல் கலிபோர்னியாவில் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெயரைச் சொல்லும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் துடிப்பு தணிந்தது. நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் "டென்ஷன்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். மேலாளர் திட்டினாலும் டென்ஷன், மகன் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்காவிட்டாலும் டென்ஷன், தங்கை வீடு வாங்கிவிட்டாள் என்றாலும் டென்ஷன். அந்த மூன்றாவது டென்ஷனுக்குப் பொறாமை என்று பெயர். அதை வாயால் சொல்ல வெட்கம், தாளில் சொல்லலாம். ஆற்றாமை, ஏக்கம், அவமானம், ஆதங்கம், குற்ற உணர்வு, வெறுமை என்று எத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கின்றன! தமிழில் வராவிட்டால் மலாயில் எழுதுங்கள். 'கெராம்' என்ற மலாய்ச் சொல்லில் இருக்கிற அந்தப் பல்லைக் கடிக்கும் கோபத்தையும் 'மெராஜோக்' என்ற சொல்லில் இருக்கிற செல்லக் கோபத்தையும் நம் பிள்ளைகள் அந்தச் சொற்களில்தான் உணர்கிறார்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து மனத்தில் எப்படி ஓடுகிறதோ அப்படியே எழுதலாம். இந்தப் பக்கத்திற்கு நான் எழுதும்போது அப்படிக் கலந்தால் ஆசிரியர் விடமாட்டார். உங்கள் நோட்டுக்கு ஆசிரியர் இல்லை.

ஆண்களுக்கு ஒரு செய்தி

நிகழ்ச்சியில் பேசிய ஆண்களில் பலர், "இதெல்லாம் பெண்களுக்கு" என்ற தோரணையில்தான் பேசினார்கள். அவர்களுக்காக ஓர் ஆய்வை எடுத்துச் சொல்கிறேன். 1994-இல் வெளியானது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட 63 பொறியியல் நிபுணர்கள். பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள், கடும் கோபத்தில் இருந்தவர்கள். ஒரு பிரிவினரை, வேலை போனதைப் பற்றிய தங்கள் எண்ணங்களையும் வேதனையையும் ஐந்து நாள் எழுத வைத்தார்கள். இன்னொரு பிரிவினர் வேலை தேடும் திட்டங்களை எழுதினார்கள். மூன்றாவது பிரிவினர் எதுவும் எழுதவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு பார்த்தால், வேதனையை எழுதியவர்களுக்குத்தான் புது வேலை விரைவாகக் கிடைத்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேர்முகத் தேர்வுகளுக்குப் போகவில்லை. கோபம் தாளில் இறங்கிவிட்டதால், பழைய முதலாளியைப் பற்றிப் புதிய முதலாளியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேச வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தொழிற்சாலை மூடினால் நம் ஆண்கள் என்ன செய்கிறார்கள்? காலையில் வழக்கம்போல் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வீட்டில் சொல்ல மனம் வராது. மனைவியிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தாளில் சொல்லிப் பார்த்தால், என்ன சொல்லப்போகிறோம் என்பதாவது தெளிவாகும்.

அந்த அம்மாவைத் தடுக்கலாமா?

இனி அந்த நேயரின் கேள்விக்கு வருகிறேன். எழுதினால் துக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடுமா என்றால், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. துணையை இழந்தவர்களிடம் ஐரோப்பாவில் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எழுதியவர்களும் எழுதாதவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தேறினார்கள். சாதாரணத் துக்கத்திற்கு அதற்குரிய காலம் தேவைப்படுகிறது. பேனா அதைக் குறைத்துவிடுவதில்லை.

ஆனால் இறந்தவரோடு பேசுவது பைத்தியக்காரத்தனமா? இல்லவே இல்லை. நம் வீடுகளில் படத்திற்கு விளக்கேற்றுகிறோம், திதி கொடுக்கிறோம், அமாவாசைக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறோம், "நீங்கதான் பார்த்துக்கணும்" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மகளைத் திருமண மண்டபத்திற்கு அழைத்துப் போகிறோம். இறந்தவரை மறந்தால்தான் துக்கம் தீரும் என்று மேற்கத்திய உளவியல் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. 1996-இல் வெளிவந்த ஒரு முக்கிய நூலுக்குப் பிறகு, உறவு வேறு வடிவத்தில் தொடர்வது இயல்புதான் என்ற கருத்து அங்கேயும் வலுப்பெற்றது. இதை அறிய நம் பாட்டிமார்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

அதே சமயம், மருத்துவர்கள் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றைத் தனியாக அடையாளம் காண்கிறார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. இழப்புக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் கடந்தும், ஏக்கமும் வேதனையும் சற்றும் தணியாமல், அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாத அளவுக்கு இருந்தால் அது கவனிக்க வேண்டிய நிலை. ஆகவே அந்த மகள் பார்க்க வேண்டியது அம்மாவின் நோட்டை அல்ல, அம்மாவின் பகலை. சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா? பக்கத்து வீட்டு அக்காவோடு பேசுகிறாரா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறாரா? பேரன் குறும்பு செய்தால் சிரிக்கிறாரா? இதெல்லாம் நடக்கிறது என்றால், இரவு 15 நிமிடம் கணவரோடு அவர் பேசிக்கொள்ளட்டும். அது அவருடைய உரிமை. இதெல்லாம் நின்று போய், நோட்டு மட்டும்தான் வாழ்க்கை என்று ஆகியிருந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அப்போதும்கூட நோட்டைப் பிடுங்கத் தேவையில்லை. நீடித்த துக்கத்தில் சிக்கியவர்களைச் சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு கடிதங்கள் எழுத வைத்து நல்ல பலன் கண்ட ஆய்வு 2006-இல் வெளியாகியிருக்கிறது. அங்கே எழுத்தே சிகிச்சையின் ஒரு பகுதி.

ஒரு வேண்டுகோள். அம்மாவுக்குத் தெரியாமல் அந்த நோட்டைப் படிக்காதீர்கள். யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்த மறுநாளே அந்த எழுத்து பொய்யாகிவிடும். "நாங்கள் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள்" என்ற வகைக் கடிதமாக மாறிவிடும். அதற்குப் பதிலாக, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, அப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் அவரைப் பற்றிப் பேச அம்மா மட்டும்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்வி அனுப்பிய மகளின் எழுத்திலும் அந்தத் துக்கம் இருந்தது.

எப்போது நிறுத்த வேண்டும்?

எழுதுவது எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். மணமுறிவுக்கு ஆளானவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், "ஏன் இப்படி ஆயிற்று?" என்று காரணத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கும் இயல்புள்ளவர்கள், உணர்ச்சிகளை எழுதியபோது இன்னும் மோசமாகத்தான் உணர்ந்தார்கள். அன்றாட வேலைகளைப் பற்றிச் சாதாரணமாக எழுதியபோது அவர்கள் நன்றாக இருந்தார்கள். செக்கு மாடுபோல் ஒரே இடத்தைச் சுற்றி வரும் மனத்திற்குத் தாளும் இன்னொரு செக்காகிவிடும். நான்கு நாள் எழுதிய பிறகும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரே ஆளை ஒரே சொல்லால் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்றால் பேனாவை மூடி வையுங்கள். அல்லது "நான்" என்று எழுதாமல், உங்கள் பெயரைப் போட்டு, வேறு ஒருவரின் கதையைச் சொல்வதுபோல் எழுதிப் பாருங்கள். சற்றே விலகி நின்று பார்க்கும்போது கொதிப்பு அடங்குவதை வேறு சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

பெரிய அதிர்ச்சி நடந்த மறுநாளே எழுத உட்கார வேண்டாம். சில வாரங்கள் போகட்டும். ஒரு விஷயத்தை எழுதப்போனால் நிலைகுலைந்து போவோம் என்று தோன்றினால் அதை எழுதவே வேண்டாம், இதைப் பென்னபேக்கரே சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சியான நிகழ்ச்சிகளையும் இப்படிக் கூறு போட வேண்டாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மிக இனிய நாளை எழுத்தில் அலசி ஆராய்ந்தவர்களைவிட, அதைச் சும்மா மனத்தில் ஓட்டிப் பார்த்தவர்களே அதிக இன்பம் அடைந்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கசப்பான அனுபவத்தை ஒலிப்பதிவுக் கருவியில் பேசியவர்களுக்கும் எழுதியவர்களைப் போலவே நன்மை கிடைத்தது. வெறுமனே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பொருந்தும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யும் வசதியைக் காட்டிக் கொடுத்தால் போதும். எந்தப் பொத்தானைத் தட்டினால் புலனத்தில் குடும்பக் குழுவுக்குப் போய்விடும் என்பதையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்!

இரவில் தூக்கம் வராமல் புரள்பவர்களுக்கு வேறு வகை எழுத்து உதவுகிறது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 57 பேர் பங்கேற்றார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், வரும் நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். வேலை தாளில் ஏறிவிட்டது, தலை அதைச் சுமக்கத் தேவையில்லை.

ஆனால் சில நேரங்களில் நோட்டு போதாது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேர், மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு வாரத்திற்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குப் போங்கள். மனநலச் சோதனை அங்கேயே உண்டு, குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். எழுதும்போது "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற எண்ணம் தாளில் வந்து விழுந்தால், அந்தப் பக்கத்தை மடித்து வைக்காதீர்கள். உடனே ஒரு மனிதரிடம் பேசுங்கள். மலேசியாவில் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. சிங்கப்பூர் வாசகர்களுக்கு 1767. காவல் துறை வழக்குப் போடுமோ என்று அஞ்சி வாய் திறக்காதவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு மலேசியாவில் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. சிங்கப்பூரில் 2020 தொடக்கத்திலேயே நீக்கப்பட்டது.

நிறைவாக, பலர் கேட்ட ஒரு நடைமுறைக் கேள்வி. எழுதிய நோட்டை என்ன செய்வது? வைத்திருக்க விருப்பம் என்றால் பூட்டி வையுங்கள். விருப்பமில்லையா, கிழித்துப் போடுங்கள், சாமி அறை விளக்கில் காட்டாமல் வெளியே வாளியில் வைத்துக் கொளுத்துங்கள். பலன் எழுதியதில்தான் இருக்கிறது, திரும்பப் படிப்பதில் இல்லை. நான் எழுதுவது பெரும்பாலும் படப்பிடிப்பு இடைவேளையில், நிகழ்ச்சிக் குறிப்புத் தாளின் பின்பக்கத்தில். ஒப்பனை கலைக்கும் முன்னாலேயே அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

அடுத்த வாரம், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் மன அழுத்தம் பற்றிப் பேசவிருக்கிறோம். கேள்விகளை இப்போதே அனுப்பி வையுங்கள்.